விலை உயர்ந்த செஸ் செட் வாங்கலாமா? முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

நல்ல மரச் செஸ் செட்டின் விலையைக் கேட்டதும், "அப்படி என்னதான் இருக்கிறது இதில்?" என்று தோன்றும். கேட்க வேண்டிய கேள்விதான். விளம்பரப் படத்தில் இதற்கு விடை இல்லை. காயைக் கையில் எடுத்து, கவிழ்த்து, உருட்டிப் பார்த்தால்தான் தெரியும். எதைப் பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை இங்கே சொல்கிறோம்.

இது ஸ்டான்டன் வடிவ மரச் செட்டுகளுக்கான வழிகாட்டி. 1849 மார்ச் 1 அன்று நாதானியல் குக் லண்டனில் பதிவு செய்த வடிவம் அது. ஜேக்ஸ் நிறுவனம் செய்து விற்றது. அக்காலத்தின் பெரிய ஆட்டக்காரர் ஹோவர்ட் ஸ்டான்டனின் பெயரைத் தாங்கியது. இன்று போட்டிகளில் நாம் பார்க்கும் காய்களெல்லாம் அதன் வழிவந்தவைதான். கண்ணாடி, பளிங்கு, பித்தளை, புராணப் பாத்திர உருவக் காய்கள் எல்லாம் அலங்காரப் பொருள்கள். சிலை வாங்குவதுபோல, பிடித்தால் வாங்குங்கள். ஆடுவதற்கு என்று நினைத்து வாங்காதீர்கள்; எது பிஷப், எது ராணி என்று தேடியே கடிகாரம் ஓடிவிடும்.

முதல் படி: எதற்காக வாங்குகிறீர்கள்?

பயிற்சிக்கும் போட்டிக்கும் என்றால், விலை உயர்ந்த செட் தேவையே இல்லை. எடை வைத்த பிளாஸ்டிக் காய்களும் சுருட்டி வைக்கும் வினைல் விரிப்பும் போதும். சரியான அளவில் இருக்கும், விழுந்தால் உடையாது, ஒரு சிப்பாய் தொலைந்தாலும் மனம் நோகாது. பத்து வயதுப் பிள்ளை வகுப்புக்கு எடுத்துப்போக விலை உயர்ந்த எபனி மரக் காய் வாங்கித் தருவது, காயைத் தொடவே பயப்படும் பழக்கத்தைத்தான் கற்றுத்தரும்.

வீட்டில் நிரந்தரமாக ஒரு மேசை, வாரம் ஓரிரு ஆட்டம், கையில் எடுக்கும்போது மரத்தின் கனமும் வழுவழுப்பும் தரும் நிறைவு: இதற்காகத்தான் நல்ல செட். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 50,000 ரூபாய்ச் செட்டில் வாரம் இரண்டு ஆட்டம் என்று பத்து ஆண்டு ஆடினால் ஆயிரத்துச் சொச்சம் ஆட்டம். ஆட்டத்துக்கு ஏறக்குறைய 48 ரூபாய். மாதம் ஒரு ஆட்டம்தான் என்றால் அதே பத்து ஆண்டில் ஆட்டத்துக்கு 400 ரூபாய்க்கு மேல். கடந்த ஆறு மாதத்தில் நேருக்கு நேர் உட்கார்ந்து எத்தனை ஆட்டம் ஆடினீர்கள் என்று எண்ணிவிட்டுக் கணக்கை எடுங்கள். இனிமேல் ஆடப்போவதாக நினைக்கும் எண்ணிக்கையை வைத்துப் போடாதீர்கள்.

முதலீடு என்று வாங்க நினைத்தால், புதுச் செட்டைத் தவிர்த்துவிடுங்கள். பெட்டியைத் திறந்ததும் அது பழைய செட்.

இரண்டாம் படி: விலையைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு செட்டின் விலை நான்கு வழியில் போகிறது: மரம், கடைசலும் செதுக்கலும், பலகையும் பெட்டியும், விற்பவரின் பெயர். நம் கருத்தில், பணம் இரண்டாவதற்குப் போனால் அது வீண்போகாது. மற்ற மூன்றும் அளவோடு இருக்கட்டும்.

உலகில் விற்கும் நல்ல மரக் காய்களில் பெரும்பங்கு அமிர்தசரஸின் பட்டறைகளில் உருவாகிறது. லண்டனிலோ அமெரிக்காவிலோ பெயர் பொறித்து விற்கப்படும் செட்டுகள் பலவும் அங்கிருந்து போனவைதான். ஆகவே பெயருக்குக் கூடுதலாகக் கொடுக்கும்போது, அதற்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்று கேளுங்கள். கண்டிப்பான தரச் சோதனை, விரிசல் விட்டால் காயை மாற்றித்தரும் எழுத்து உறுதி, பல ஆண்டு கழித்தும் ஒற்றைக் காய் கிடைக்கும் வசதி: இவை இருந்தால் பெயருக்குக் கொடுக்கலாம். வெல்வெட் பெட்டியும் சான்றிதழ் அட்டையும் மட்டும் என்றால் வேண்டாம்.

பலகையையும் காய்களையும் தனித்தனி விலையில் கேளுங்கள். சேர்த்து விற்கும்போது இரண்டில் ஒன்று சுமாராக இருப்பது வழக்கம், பெரும்பாலும் பலகை.

மூன்றாம் படி: அளவு

விலை கூடக்கூடக் காய் பெரிதாகிக்கொண்டே போகும். பெரிது என்றால் உயர்வு என்ற எண்ணத்தை அப்படியே விற்கிறார்கள். உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே பரிந்துரைக்கும் உயரம் ராஜாவுக்கு 9.5 செ.மீ., ராணிக்கு 8.5, பிஷப்புக்கு 7, குதிரைக்கு 6, யானைக்கு 5.5, சிப்பாய்க்கு 5. அடிப்பகுதியின் விட்டம் உயரத்தில் 40 முதல் 50 சதவீதம். கட்டத்தின் பக்கம் 5 முதல் 6 செ.மீ.

காயும் கட்டமும் பொருந்துகின்றனவா என்று பார்க்க இரண்டு சோதனை. ஒரே கட்டத்துக்குள் நான்கு சிப்பாய்களை நெருக்கி நிறுத்துங்கள்; கிட்டத்தட்டக் கச்சிதமாக அடங்க வேண்டும். அடுத்து, ராஜாவின் அடி விட்டத்தைக் கட்டத்தின் பக்கத்தால் வகுங்கள். முக்கால் அளவுக்கு அருகே வந்தால் சரி. 43 மி.மீ. அடி உள்ள ராஜாவுக்கு 57 மி.மீ. கட்டம். 0.8-ஐத் தாண்டினால் நடு ஆட்டத்தில் காய்கள் இடித்துக்கொள்ளும். 0.65-க்குக் கீழே போனால் காய்கள் மைதானத்தில் தனியே நிற்பதுபோல் இருக்கும்.

இப்போது மேசையை அளங்கள். 57 மி.மீ. கட்டம் எட்டு என்றால் 456 மி.மீ.; இருபுறமும் 40 மி.மீ. விளிம்பு சேர்த்தால் ஏறத்தாழ 54 செ.மீ. பலகை. ஆடம்பரச் செட்டுகளில் அடிக்கடி வரும் நாலரை அங்குல ராஜாவுக்கு 64 மி.மீ. அளவில் கட்டம் வேண்டும். பலகை 60 செ.மீ.க்குப் போய்விடும். எதிரணியின் கடைசி வரிசையைத் தொட உடம்பை முன்னால் சாய்க்க வேண்டியிருக்கும். சட்டைக் கை சிப்பாயைத் தட்டும். வீட்டில் ஆட 9.5 செ.மீ. ராஜாவைத் தாண்ட வேண்டியதில்லை.

நான்காம் படி: மரம்

வெள்ளைக் காய்கள் பெரும்பாலும் பாக்ஸ்வுட். இழை நெருக்கமானது, நுணுக்கமான செதுக்கலைத் தாங்கும், வயதாக ஆக வெண்ணெய் நிறத்திலிருந்து தேன் நிறத்துக்குப் போகும். விலையைத் தீர்மானிப்பது கறுப்புப் பக்கம்தான்.

மலிவானது சாயம் ஏற்றிய பாக்ஸ்வுட். 'எபனைஸ்டு' என்று எழுதியிருந்தால் இதுதான், எபனி அல்ல. இந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் ஏமாறுபவர்கள் நிறையப் பேர். சாயம் ஏற்றியது மோசமான செட் என்றும் நினைக்க வேண்டாம். இரு பக்கமும் ஒரே மரம் என்பதால் எடை சமமாக இருக்கும், விரிசலும் குறைவு. எபனி விலைக்கு வாங்காதவரை நல்ல தேர்வே.

அடுத்தது சீஷம். கோடு கோடான பழுப்பு, உறுதியான மரம். படாக் கடைந்தவுடன் இரத்தச் சிவப்பாக ஜொலிக்கும்; பட் ரோஸ்வுட் என்ற பெயரில் வருவதும் பெரும்பாலும் இதுதான். ஆனால் வெளிச்சம் பட்டால் சில ஆண்டுகளில் பழுப்பாகிவிடும். படத்தில் உள்ள சிவப்புக்காகவே வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். ரோஸ்வுட் நம் ஈட்டி மரத்தின் குடும்பம்.

உச்சியில் எபனி, நம் ஊர்க் கருங்காலியின் இனம். கருங்காலி மாலை என்ற பெயரில் சாயம் போட்ட மணிகள் எப்படிச் சந்தையை நிறைத்தன என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. காய்களிலும் அதே கதை நடக்கலாம். ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பது பலரும் சொல்லும் சோதனை. அது மட்டும் போதாது. அசல் எபனிக்கும் நிறத்தைச் சீராக்கக் கறுப்பு மெருகு பூசுவது உண்டு, அதுவும் சற்று ஒட்டும். உறுதியான வழி: அடியில் துணி ஒட்டுவதற்கு முன் எடுத்த படத்தைக் கேளுங்கள். எடை வைக்கத் துளைத்த குழியின் உட்சுவரும் கறுப்பாக இருந்தால் எபனி. வெளிர் மஞ்சளாக இருந்தால் சாயம். ஆங்காங்கே மெல்லிய பழுப்பு இழை ஓடுவது குறையல்ல, அசல் என்பதற்கான அடையாளம்.

எபனியால் ஆட்டம் மேம்படாது. அழகு இருக்கிறது, குளிர்ச்சியான கனம் இருக்கிறது, விரிசல் விடும் ஆபத்தும் கூடவே இருக்கிறது. அந்த அழகு உங்களுக்கு வேண்டுமென்றால் தயங்காமல் வாங்குங்கள். வேண்டாமென்றால் சீஷத்தில் மிக நல்ல குதிரை உள்ள செட், எபனியில் சுமாரான குதிரை உள்ள செட்டைவிடப் பல மடங்கு மேல்.

சட்டப் பக்கத்தையும் பார்த்துவிடுவோம். சீஷம், ரோஸ்வுட் எல்லாம் அடங்கிய டால்பெர்ஜியா இனம் முழுவதும் 2017 ஜனவரியில் அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. 2019-இல் வந்த திருத்தம், ஒரு பார்சலில் அந்த மரம் 10 கிலோ வரை உள்ள முடிந்த பொருள்களுக்கு விலக்குத் தந்தது. பிரேசில் ரோஸ்வுட் மட்டும் 1992 முதல் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். செம்மரத்தில் செய்தது என்று யாராவது சொன்னால் ஆவணம் கேளுங்கள், இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். தந்தக் காய்கள் எவ்வளவு பழையவையானாலும் இந்தியாவில் வாங்குவதும் விற்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஒட்டக எலும்பைத் தந்தம் என்று சொல்லி விற்பதும் உண்டு: எலும்பில் ஊசி முனை அளவு கருப்புள்ளிகளும் சிறு கோடுகளும் தெரியும், தந்தத்தின் குறுக்கு வெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோட்டு வலை தெரியும்.

ஐந்தாம் படி: குதிரையைப் பாருங்கள்

32 காய்களில் 28-ஐக் கடைசலில் இழைத்துவிடலாம். நான்கு குதிரைகளின் தலையை மட்டும் கையால்தான் செதுக்க வேண்டும். நல்ல செட்டின் உழைப்பில் பெரும்பகுதி இங்கே போகிறது. எனவே ஒரு செட்டை மதிப்பிட ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்றால் அதில் நான்கு நிமிடத்தைக் குதிரைக்கே கொடுங்கள்.

நான்கு குதிரைகளையும் ஒரே திசை பார்க்க வரிசையாக நிறுத்துங்கள். உயரம், கழுத்தின் வளைவு, மூக்கின் சாய்வு நான்கிலும் ஒன்றுபோல் இருக்கிறதா? கைவேலையில் மயிரிழை வித்தியாசம் இருக்கும், அது உயிர். ஒன்று தலை குனிந்தும் இன்னொன்று நிமிர்ந்தும் இருந்தால் அது அவசர வேலை. பிறகு முன்பக்கத்திலிருந்து பாருங்கள். விளம்பரப் படங்கள் எப்போதும் பக்கவாட்டில் எடுக்கப்படுவதற்குக் காரணம், மலிவான குதிரை முன்னிருந்து பார்த்தால் பலகைத் துண்டுபோல் தட்டையாக இருக்கும் என்பதுதான். இரு கண்களும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். தாடைக்கும் கழுத்துக்கும் இடையே ஆழமாகத் தோண்டியிருக்க வேண்டும். பிடரி மயிரின் கோடுகள் கூர்மையாகத் தொடங்கி முடிய வேண்டும். அந்தப் பள்ளங்களில் மெருகு தேங்கிக் கட்டியாக நின்றால், உப்புத்தாள் போடாமல் மேலே பூசிவிட்டார்கள் என்று பொருள்.

தலை தனியாகச் செதுக்கப்பட்டு அடிப்பகுதியில் ஒட்டப்படும். அந்த இணைப்பில் நகம் மாட்டக்கூடாது. மர இழை மேலிருந்து கீழாக ஓடுவதால் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கும் காதும்தான் பலவீனமான இடம். காது மிக மெல்லியதாக, வெளியே விரிந்து நின்றால் கண்ணுக்கு அழகு, ஆனால் முதல் முறை கீழே விழும்போதே போய்விடும்.

மற்ற காய்களில் யானையின் மேல் வெட்டுகள் சம அகலமா, பிஷப்பின் தலையில் உள்ள கீறல் எல்லாவற்றிலும் ஒரே கோணமா, எட்டுச் சிப்பாய்களையும் வரிசையில் வைத்தால் தலைகள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பாருங்கள். அவ்வளவு போதும்.

ஆறாம் படி: எடையும் அடியும்

அடியைக் குடைந்து இரும்புத் துண்டு வைத்து மூடுவார்கள். பழைய செட்டுகளில் ஈயம். 9.5 செ.மீ. ராஜா உள்ள மரச் செட்டில் 32 காய்களும் சேர்ந்து ஏறத்தாழ ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கிலோ வந்தால் கைக்கு நன்றாக இருக்கும். ராஜாவை 30 பாகை அளவு சாய்த்து விடுங்கள். ஆடி நிமிர வேண்டும். காதருகே வைத்து உலுக்குங்கள். உள்ளே கடகடத்தால் எடை சரியாக ஒட்டவில்லை.

எடை கூடினால் தரம் கூடும் என்று எண்ண வேண்டாம். அதிக எடைக்குப் பெரிய குழி வேண்டும், அடிப்பகுதியின் சுவர் மெலியும். மரம் காயும்போது குறுக்குவாக்கில் சுருங்கும். உள்ளே இருக்கும் இரும்போ சுருங்காது. நடுவில் மாட்டிக்கொண்ட மெல்லிய சுவர் வெடிக்கும். எபனி ராஜாக்களின் அடியில் விளிம்பிலிருந்து உள்நோக்கி ஓடும் விரிசல் இப்படித்தான் வருகிறது.

ஏழாம் படி: பலகை

முழு மரம் என்றால் உயர்ந்தது, மேலே மெல்லிய மரத்தகடு ஒட்டியது மட்டம் என்ற நம்பிக்கை பலகையைப் பொறுத்தவரை தவறு. முழு மரக் கட்டங்களைச் சட்டத்துக்குள் இறுக்கி ஒட்டினால், மழைக்காலத்தில் மரம் விரிந்து சட்டத்தின் மூலைகளைப் பிளக்கும், கோடையில் கட்டங்களுக்கு இடையே இடைவெளி விடும். எம்.டி.எஃப். எனும் அழுத்திய மரநார்ப் பலகையின் மேல் நல்ல மரத்தகடு ஒட்டினால் அது தட்டையாகவே இருக்கும். ஸ்பெயினின் ரெச்சபாடோஸ் ஃபெரர் நிறுவனப் பலகைகள் இந்த வகையில் பெயர் பெற்றவை. ஆனால் எம்.டி.எஃப். தண்ணீருக்கு எதிரி, தேநீர்க் கோப்பையைப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

இரும்பு ஸ்கேலைக் குறுக்கு மூலைகளில் நிறுத்தி அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். கண்ணாடி மேசையில் வைத்து மூலையை அமுக்கினால் ஆடக்கூடாது. நான்கு கட்டங்கள் சந்திக்கும் புள்ளிகள் கூர்மையாகச் சேர வேண்டும். பளபளப்பான மேற்பூச்சு வேண்டாம்; டியூப் லைட் வெளிச்சம் திரும்பி அடித்து அரை மணியில் கண் எரியும்.

மடக்குப் பலகைக்குப் பெரிய பணம் கொடுக்கவே கூடாது. கீல் உள்ள நடுக்கோடு என்றைக்கும் சமமாக நிற்காது.

எட்டாம் படி: உங்கள் வீட்டுக் காற்று

மரச் செட்டுக்கு ஏற்ற ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம். கடற்கரை ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி அதைவிட அதிகம். அது தொடர்ந்து அப்படியே இருந்தால் மரம் பழகிக்கொள்ளும். தீங்கு செய்வது ஏற்ற இறக்கம்: இரவெல்லாம் ஏ.சி., பகலெல்லாம் புழுக்கம். ஏ.சி.யின் காற்று நேராகப் படும் இடத்திலும் சன்னல் வெயிலிலும் வைக்காதீர்கள். டொராண்டோ போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்குப் பனிக்காலத்து ஹீட்டர்தான் ஆபத்து. உள்ளறை ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் எபனி வெடிக்கலாம். சிறிய ஈரப்பதமானி ஒன்றை அலமாரியில் வைப்பது மலிவான காப்பீடு. அங்கே ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்த வழியில்லையென்றால் எபனியை விட்டுவிட்டுச் சீஷமோ சாயம் ஏற்றிய பாக்ஸ்வுட்டோ வாங்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடிய பெட்டிக்குள் துணி அடியில் பூஞ்சை பிடிக்கும். சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு, மாதம் ஒருமுறை வெளியே எடுத்து ஆடுங்கள். மாவுபோல் தூள் உதிர்ந்தால் உளு அரிக்கிறது. அந்தக் காயை உடனே தனியே எடுத்து வையுங்கள். சானிடைசர் போட்ட கையால் தொடவே கூடாது. பல செட்டுகளின் மெருகு அரக்கால் ஆனது. ஆல்கஹால் அதைக் கரைத்து வெள்ளைத் திட்டு விட்டுவிடும்.

பழைய செட் என்று சொன்னால்

1831-இல் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் கிடைத்த வால்ரஸ் தந்தக் காய்களோடு சேர்ந்த ஒன்று, 1964-இல் 5 பவுண்டுக்கு வாங்கப்பட்டு, 2019-இல் சோத்பீஸ் ஏலத்தில் 7,35,000 பவுண்டுக்குப் போனது. இந்தச் செய்தி பலருடைய கண்ணை மறைக்கிறது. நமக்கு முன் வரும் 'நூறாண்டுப் பழைய செட்' பெரும்பாலும் மறுபதிப்பு. 1849 ஜேக்ஸ் வடிவம், 1950 டூப்ரோவ்னிக் ஒலிம்பியாட் வடிவம் எல்லாம் இன்று புதிதாகச் செய்யப்படுகின்றன. மறுபதிப்பு என்று சொல்லி விற்றால் அவை அருமையான செட்டுகள்.

பழைய ஜேக்ஸ் செட்டில் ராஜாவின் அடிப்பகுதி விளிம்பில் நிறுவனப் பெயர் முத்திரையும், ராஜா பக்கத்து யானையிலும் குதிரையிலும் சிறு கிரீட முத்திரையும் இருக்கும். முத்திரையைப் போலி செய்யலாம். தேய்மானத்தைச் செய்வது கடினம். விரல் படும் இடங்கள் மழுங்கியும், படாத பள்ளங்கள் கறுத்தும் இருக்க வேண்டும். எல்லா இடமும் ஒரே அளவு பழசாகத் தெரிந்தால் நம்பாதீர்கள். ஒரே ஒரு சிப்பாய் மாற்றுக் காயாக இருந்தாலும் விலை நன்றாக இறங்க வேண்டும்.

பணம் கொடுக்கும் முன்னும் பின்னும்

இணையத்தில் வாங்கினால் உங்களுக்கு வரப்போகும் அதே செட்டின் படத்தைக் கேளுங்கள்: நான்கு குதிரைகள் முன்பக்கமாக, எல்லாக் காய்களின் அடிகள், ராஜாவின் மேல் ஸ்கேல் வைத்த அளவு. கூடுதல் ராணி இரண்டு சேர்த்து 34 காய்களா என்று உறுதி செய்யுங்கள். விரிசலுக்கு மாற்றுக் காய் எத்தனை மாதம் வரை, அனுப்பும் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். 'இயற்கை மரத்தில் விரிசல் சகஜம்' என்று விலைப்பட்டியலிலேயே எழுதும் கடையில் எபனி வாங்க வேண்டாம்.

பார்சல் பிரிப்பதைக் காணொளி எடுங்கள். காய்களை அன்றே வெயிலிலோ ஏ.சி. அறையிலோ வைக்காமல் இரண்டு வாரம் சாதாரண அறையில், திறந்த பெட்டியில் விடுங்கள். அனுப்பிய ஊரின் காற்றிலிருந்து உங்கள் ஊரின் காற்றுக்கு மரம் மெல்ல மாறட்டும். எல்லா அடிகளையும் முதல் நாள் ஒரு படம், முப்பதாம் நாள் ஒரு படம் எடுத்து ஒப்பிடுங்கள். விரலால் தடவினால் தெரியாத மயிரிழைக் கோட்டை விட்டுவிடலாம். நகம் மாட்டும் விரிசல் வளரும். இரண்டு படங்களையும் சேர்த்து அன்றே கடைக்காரருக்கு எழுதுங்கள்.